எண்பத்தொன்பது அடி

மார்ச் 4, புதன்

இந்த நாட்குறிப்பு சென்னியப்பன் மில்லிலிருந்து இலவசமாக வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ராகு காலம், எமகண்டம், குளிகை என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நூல் நூற்கிற மில்லுக்கு எமகண்டம் எதற்கு? எழுத உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்த வரிகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். இனி தினமும் அடிப்பேன். என் பெயர் அறிவுக்கரசு. அப்பா அதைச் சும்மா வைக்கவில்லை.

எழுதச் சொன்னது பூவிழி. "ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் திட்டி என்ற காதுல கொட்டாதீங்க. இதுல எழுதி வெச்சுக்கோங்க, எனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையில் கொடுத்தாள். சொந்த மனைவிக்கே புண்ணியத்தில் ஆசை. என்ன செய்ய?

இன்றைய செய்தி: சென்னியப்பன் அன்னூர் போகும் வழியில் கட்டுகிற கல்யாண மண்டபத்துக்கு எங்கள் சீலிங் முடிவாகிவிட்டது. வரைந்தது எங்கள் ஆர்க்கிடெக்ட் நிரஞ்சன் சார். மேற்குச் சுவரில் தொடங்கிக் கிழக்குச் சுவர் வரை அலை அலையாகப் போகும் மரப்பலகைகள். ஒரு பலகை போல இன்னொன்று இருக்காது. ஆணி கிடையாது, பலகை ஓரத்தில் வெட்டிய காடிக்குள் காடி செருகி நிற்கும். கம்ப்யூட்டர் சொல்கிற பாதையில் மிஷின் அறுக்கும், அந்தப் பாதையைப் போடுகிறவன் நான். முடி அளவு கூடப் பிசகாது. ஜூன் கடைசியில் சென்னியப்பனின் மகள் கல்யாணம் இந்தச் சீலிங்குக்கு அடியில்தான் நடக்க வேண்டும்.

கட்டட இடத்தைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஒரு இன்ஜினியரம்மாவைப் போட்டிருக்கிறார்கள். கோகிலவாணி. நெற்றி நிறைய விபூதி, அதற்குக் கீழே குங்குமம், அதற்குக் கீழே சந்தனம். மூன்று மாடிக் கட்டடம். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, சிவப்புக் கயிறு, மஞ்சள் கயிறு. இது சிவில் படித்தது என்றால் நம்ப முடிகிறதா? தாராபுரத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு இந்த வேலைக்காகவே கோவைக்கு வந்து, பிள்ளையை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாளாம். சார் எல்லார் முன்னாலும் தெளிவாகச் சொன்னார்: இந்தச் சீலிங் பிசகில்லாமல் ஏறினால் வேலை நிரந்தரம், சைட்டில் அளவு பிசகினால் வீட்டுக்கு.

"மருதமலையான் பாத்துக்குவானுங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகவே.

மார்ச் 13, வெள்ளி

மிஷினில் முதல் வெட்டு. பதினொரு மணிக்குச் சார் வந்து பொத்தானை அழுத்துவதாக ஏற்பாடு. பத்தரைக்கே கோகிலவாணி வந்து மிஷினின் கால் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். ஜெர்மன் மோட்டார், ஜப்பான் பிட், பொள்ளாச்சி எலுமிச்சை. நான் அதை எடுத்துப் பிழிந்து, உப்புப் போட்டுக் குடித்தேன். வெயிலுக்கு இதமாக இருந்தது.

சார் வந்தது பன்னிரண்டு பத்துக்கு. அவருக்கு இருக்கிற வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம் ஒரு தாமதமா? காரை விட்டு இறங்கினார், மிஷினுக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார், ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார், பொத்தானை அழுத்தினார். எவ்வளவு பெரிய ஆள், எத்தனை கவனம். லண்டனில் படித்தவர் லண்டனில் படித்தவர்தான். தமிழ்நாட்டில் மூளையை மூளையாகப் பயன்படுத்துகிற மனிதர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் ஒரு விரல் நிரஞ்சன் சார். அந்த விரலில் புதிதாக ஒரு பச்சைக்கல் மோதிரம். அவருக்கு எதைப் போட்டாலும் எடுப்பாக இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

சீலிங்கில் மொத்தம் அறுநூற்றுப் பதினொரு பலகை வந்தது. சார் பார்த்துவிட்டு, "ஒண்ணு கூட்டிடு அறிவு, அறுநூத்திப் பன்னெண்டா இருக்கட்டும். கண்ணுக்கு ஒரு ரிதம் வேணும்" என்றார். ஒரு பலகையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் கலைஞனுக்குத்தான் புரியும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

பூவிழியிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டவள், "அறுநூத்திப் பதினொண்ணைக் கூட்டினா எட்டுங்க" என்றாள். எட்டாக இருந்தால் என்ன, பத்தாக இருந்தால் என்ன? இவளுக்கு எப்போதும் கூட்டல் கணக்குதான்.

ஏப்ரல் 2, வியாழன்

வண்டி பஞ்சர். பலகை அறுக்கிற தூசு மூக்கில் ஏறித் தும்மல் நிற்கவில்லை. வேறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

மதியம் மூன்றரைக்குக் கோகிலவாணி போன்.

"சார், உள்பூச்சு நடக்குதுங்க. பூச்சுக் கனம் கொஞ்சம் எச்சாப் போகுது. ஒருக்கா வந்து அளந்து பாத்துட்டுப் போயிருங்களேன்."

"ஏம்மா, செவ்வாய்க்கிழமை மூணரை மணி ராகு காலமாச்சே. நீங்களே இப்படிப் போன் பண்ணலாமா? தீட்டாயிடாது?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும், "இல்லீங், பெரிய சார் இதைப் பத்தி உங்ககிட்டச் சொன்னாருங்களா?" என்றாள்.

நேற்று வந்தவள் என்னிடம் கேட்கிறாள், பெரிய சார் சொன்னாரா என்று! எட்டு வருஷமாக அவர் நிழலாக இருக்கிறேன். அவர் என்னிடம் சொல்லாமல் ஒரு கோடு போட்டதில்லை. "சொன்னார், சொன்னார். அவர் என்கிட்ட எல்லாம் சொல்வார். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

"அப்பச் சரிங்க. சொல்லிட்டாருன்னாச் சரி" என்று வைத்துவிட்டாள். குரலில் பெரிய நிம்மதி. என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. பூச்சைப் பற்றிச் சார் என்ன சொல்லப்போகிறார்? சிமெண்டில் தண்ணீர் அதிகம் என்றா?

அளப்பதாம். சார் கொடுத்த கம்ப்யூட்டர் மாடலில் மேற்குச் சுவருக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே இருபத்தேழாயிரத்து இருநூற்று இருபத்தொன்பது மில்லிமீட்டர். அதுதான் அளவு. கட்டடம்தான் மாடலுக்கு ஒத்துவர வேண்டும். கொத்தனார் வீட்டுப் பூச்சுக்கெல்லாம் நான் ஓடிப்போய் டேப் பிடித்துக்கொண்டிருந்தால் மிஷின் எதற்கு?

மே 9, சனி

அறுத்தாயிற்று. அறுநூற்றுப் பன்னிரண்டும். ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, அடுக்கி, கயிறு கட்டி வைத்திருக்கிறேன். எடுத்து முகர்ந்தால் மரவாசனை. எனக்குப் பிள்ளைகள் இல்லாத குறை இன்றைக்குத் தெரியவில்லை என்று பூவிழியிடம் சொன்னேன். அவள் தோசைக்கு அரிசி ஊறப்போடப் போய்விட்டாள்.

ஜூன் 8, திங்கள்

மேற்குச் சுவரிலிருந்து ஏற்றத் தொடங்கினோம். காடிக்குள் காடி 'டொப்' என்று உட்காருகிறது. கீழே நின்று பார்த்த ராயப்பன் மேஸ்திரிக்கு வாய் மூடவில்லை. கோகிலவாணி தலையில் ஹெல்மெட்டோடு சாரம் மேலேயே ஏறி நின்று ஆட்களை வேலை வாங்குகிறாள். ஹெல்மெட்டுக்கு முன்னாலும் ஒரு குங்குமப் பொட்டு.

"அருமையா உக்காருதுங்க சார். கை வெக்கவே வேண்டியதில்லை" என்றாள்.

"இது மருதமலையான் அறுத்ததில்லைம்மா, நான் அறுத்தது" என்றேன்.

"உங்க கையை அவந்தான் புடிச்சுட்டிருந்தானோ என்னமோ" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். வாய் மட்டும் எட்டு ஊருக்கு.

ஜூன் 15, திங்கள்

கடைசி வரிசை ஏறவில்லை.

நூற்றிரண்டு மில்லிமீட்டர் இடிக்கிறது. நான்கு அங்குலம். என் வாழ்க்கையில் நான்கு அங்குலம் என்ற சொல்லை நான் உச்சரித்ததில்லை. நான் பிசகினால் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகுவேன். நான்கு அங்குலம் என்பது பிசகு இல்லை, அயோக்கியத்தனம்.

ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். ராயப்பன், "பலகை நீளமாப் போச்சுங்களா?" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என் காதுபடவே எவனோ முனகினான். நான் லேசர் மீட்டரை எடுத்துச் சுவருக்குச் சுவர் அடித்தேன். இருபத்தேழாயிரத்து நூற்று இருபத்தேழு. மறுபடி அடித்தேன். அதேதான். கூடம் நிஜமாகவே கோணல்! அளவு குறைந்தது என் பலகையில் இல்லை, மண்டபத்தில்.

ஏதோ தோன்றி அதை அடிக்கணக்கில் மாற்றிப் பார்த்தேன். சரியாக எண்பத்தொன்பது அடி. ஒரு நூல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. கட்டடத்தில் எந்த அளவும் இப்படி முழுசாக வராது. வந்தால், எவரோ வரவழைத்திருக்கிறார்கள்.

மனையடி! உள்ளளவு இத்தனை அடி இருந்தால் இன்ன பலன் என்று எழுதி வைத்திருப்பார்களே, அந்தக் குப்பை. அதற்காகச் சுவரில் கூடுதலாகப் பூசி அளவைக் குறைத்திருக்கிறார்கள். யார் செய்திருப்பார்கள் என்பதற்குத் துப்பறிய வேண்டுமா? நெற்றியைப் பார்த்தாலே போதும்.

கூப்பிட்டுக் கேட்டேன். எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். "உங்க மருதமலையானுக்கு எண்பத்தொம்பது அடி கேட்டுச்சோ?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சார்... நீங்க சொன்னாருன்னு சொன்னீங்களே?" என்றாள்.

திருடியதும் இல்லாமல் என் மேலேயே பழி போடுகிறாள். நான் சாருக்குப் போன் செய்யப் போய்விட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

சார் நேரில் வந்தார். சுவரைப் பார்த்தார், சீலிங்கைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வேலை போகும் என்று நான் எதிர்பார்த்திருந்த கோகிலவாணி அந்த மூன்று மாடி நெற்றியோடு ஒரு ஓரமாக நின்றிருந்தாள். "சைட்ல நடந்த தப்பு. வியாழக்கிழமை கிளையண்ட் மீட்டிங்ல பேசிக்கலாம்" என்றார்.

நான் வழி சொன்னேன். ஒரு பக்கச் சுவரில் மட்டும் பூச்சைக் கொத்தி எடுத்தால் போதும், இரண்டு நாள் வேலை, மிச்சத்தைக் கடைசிப் பலகையில் நான் சமாளித்துக்கொள்வேன் என்றேன். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற வழி.

"செவுத்தைத் தொடாதே!" என்று கத்தினார்.

எட்டு வருஷத்தில் சார் கத்தி நான் கேட்டதில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "பூச்சு வீக்காயிடும் அறிவு. கடைசி மூணு வரிசையைப் புதுசா அறுத்துடு. அளவு இப்ப இருக்கறதே இருக்கட்டும்" என்றார். மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்.

பூச்சு எப்படிப் பலவீனமாகும்? கூடுதலாக அப்பியதைத்தானே எடுக்கிறோம்? சாருக்கு ஏதோ தொழில்நுட்பக் காரணம் இருக்கும். எனக்குத் தெரியாதது. அவ்வளவுதான்.

பூவிழி கேட்டுவிட்டு, "அந்தம்மா பூசினதுன்னா அதைக் கொத்தறதுக்கு உங்க சாருக்கு ஏனுங்க வலிக்குது?" என்றாள்.

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 17, புதன்

சைட்டுக்குப் போனேன். சும்மாதான் போனேன். ராயப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். எண்பத்தொன்பது அடி யார் சொன்னது என்று கேட்டேன்.

"பெரிய சார்தானுங்க. வேற யாரு சொல்லுவா? 'ரெண்டு செவுத்துலயும் ரெண்டு ரெண்டு இஞ்சு எச்சாப் பூசு, எம்பத்தொம்பது அடி சுத்தமா வரோணும்'னாரு. அந்தம்மா ஒரே சண்டை. 'சாமி கும்புடறது வேற, அளவை மாத்தறது வேற. சீலிங் அறுக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது'ன்னு கேட்டாங்க. 'நான் அறிவுகிட்டச் சொல்லிக்கறேன், நீ வாயைத் தொறக்காதே'ன்னு போட்டாரு ஒரு போடு."

"அந்தம்மாவா சண்டை போட்டாங்க?"

"ஆமாங். அப்பறம் நீங்க போன்ல தெரியும்னு சொல்லிப்போட்டீங்களாம். அதுக்கப்பறந்தான் கம்பி மெஷ் அடிச்சுப் பூச விட்டாங்க."

சிமெண்ட் மூட்டை அடுக்கிய அறையில் ஒரு தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னட்டையில் மனையடி பலன் போட்டிருப்பார்கள். திருப்பிப் பார்த்தேன். இப்படி ஒன்றைத் திருப்பிப் பார்ப்பது என் பிறவியில் முதல் தடவை. எண்பத்தொன்பது: 'பல வீடு கட்டுவான்'.

பல வீடு கட்டுவான். ஆர்க்கிடெக்டுக்கு வேறென்ன வேண்டும்? படித்தது ராமாயணம், இடித்தது பெருமாள் கோயில். லண்டனாம். பச்சைக்கல்லாம். கண்ணுக்கு ரிதமாம், தூ! வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்கு முடியட்டும் என்று காத்திருந்து பன்னிரண்டு பத்துக்கு வந்து பொத்தானை அழுத்தினானே, நான் அதைக்கூட வேலைச்சுமை என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஆள் மிஷினுக்கு அடியில் குனிந்து தேடியது ஒயரை இல்லை. என் வயிற்றுக்குள் போய்விட்ட எலுமிச்சம்பழத்தை.

நாளை கூட்டத்தில் சென்னியப்பன் முன்னால் போட்டு உடைக்கப்போகிறேன். எல்லாம் தயாராக மனதில் இருக்கிறது. முதல் வாக்கியம்கூட.

ஜூன் 18, வியாழன்

கூட்டம் முடிந்தது. நல்ல வெயில். சமையல் காஸுக்குப் பதிவு செய்தேன்.

ஜூன் 19, வெள்ளி

எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்கிறாள் பூவிழி.

நேற்று மண்டபத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சென்னியப்பனுக்கு ஒன்றுதான் கவலை, மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. நிரஞ்சன் சார் எழுந்து நின்று மிக அழகாகப் பேசினார். "எங்க சைட் இன்ஜினியர் தன்னோட நம்பிக்கைப்படி ஒரு முடிவு எடுத்துட்டாங்க. தனிப்பட்ட நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனா வேலையில அதுக்கு இடமில்லை. அவங்க இன்னையோட விலகிக்கறாங்க. சீலிங் சொன்ன தேதியில முடியும், அதுக்கு அறிவுக்கரசு பொறுப்பு."

கோகிலவாணி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபமும் இல்லை. நான் இப்போது பேசுவேன் என்று பார்த்தாள். நான் என் லேசர் மீட்டரில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

யோசித்துப் பார்த்தால் நான் பேசாதது சரிதான். கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் சண்டை மூண்டால் சீலிங் நிற்கும். சீலிங் நின்றால் கெடுவது அந்தப் பெண்ணின் கல்யாணம். மேலும், அந்தம்மா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? கயிறு கட்டத் தெரிகிறது, பேசத் தெரியவில்லையா? மேலும், சார் தப்பு செய்திருந்தாலும் சீலிங் அவருடைய சீலிங். மேலும்

தூக்கம் வரவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

கடைசி மூன்று வரிசையும் புதிதாக அறுத்தேன். நான்கு அங்குலத்தைக் கடைசிப் பலகையில் மட்டும் வெட்டினால் அலை சுவரில் முட்டி நின்றது போலத் தெரியும். அதனால் மூன்று வரிசைக்கும் பிரித்துக் கொடுத்து அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினேன். எவனுக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் மொத்த நீளத்தை மாற்ற வேண்டிய கட்டத்தில் நானே என் விரலால் எண்பத்தொன்பது அடி என்று அடித்தேன். மிஷின் ஏன் என்று கேட்கவில்லை. அது யார் சொன்னாலும் அறுக்கும்.

ஜூன் 25, வியாழன்

ஏறிவிட்டது. சீலிங் முழுவதும். அழகாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

ராயப்பன் சொன்னான்: "அந்தம்மா இருந்திருந்தா இந்நேரம் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்திருப்பாங்க." நான் வாங்கிக்கொடுத்தேன். யாரும் பெரிதாக மகிழவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

கல்யாணம். முகூர்த்தம் முடிந்து எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடியே நடந்ததில் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். பந்தியில் சென்னியப்பன் எங்கள் இலை பக்கம் வந்து நின்றார். எனக்கு ஒரு பக்கம் நிரஞ்சன் சார், மறு பக்கம் பூவிழி.

"சாப்புடுங்க, சாப்புடுங்க. ஊரே சீலிங்கைப் பத்தித்தான் பேசுது. சாருக்கு இன்னும் ரெண்டு மண்டபம் நிச்சயம்" என்றார் சென்னியப்பன். பிறகு, "அந்த இன்ஜினியரம்மாதான் பாவம். நல்ல உழைப்பாளிங்க. மனையடி கினையடின்னு தன்ற வேலைக்குத் தானே உலை வெச்சுக்கிச்சு. ஏனுங்க சார், படிச்ச புள்ளைக்கு அது தேவையா?" என்றார்.

"பாவம்தான்" என்றார் நிரஞ்சன், அப்பளத்தை நொறுக்கியபடி.

அந்த அப்பளம் நொறுங்கிய சத்தத்தில் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "அந்தம்மா பண்ணலைங்க. இவர்தான் பண்ணச் சொன்னார். அந்தம்மா வேண்டாம்னு சண்டை போட்டாங்க" என்றேன். வாயில் பருப்புச் சாதம் இருந்தது. நான் தயாரித்து வைத்திருந்த முதல் வாக்கியம் இது இல்லை.

பக்கத்து இலைகளில் கை நின்றது. பூவிழி எனக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

சென்னியப்பன் நிரஞ்சனைப் பார்த்தார். நிரஞ்சன் மறுக்கவில்லை. அவர் கோபமெல்லாம் என் மேல்தான் வந்தது. "உன்கிட்டச் சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்பே அறிவு! ஆபீஸ் முழுக்க என்னைச் சிரிக்க வெச்சிருப்பே. ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சாக்கூட ஜூஸ் போட்டுக் குடிக்கற ஆளுகிட்ட எப்படிச் சொல்றது?"

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அட சாமீ! மனையடி குடியிருக்கற வீட்டுக்குப் பாக்கறதுங்க. கல்யாண மண்டபத்துக்கு எவனாச்சும் பாப்பானா? எங்கப்பன் காலத்துலருந்து நானும் எல்லாம் பாக்கறவன்தான், இப்படி ஒரு கூத்தைக் கண்டதில்லை. அதென்னங்க எம்பத்தொம்பதுக்குப் பலன்?"

நிரஞ்சன் பொரியலை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்.

"பல வீடு கட்டுவானா?" சென்னியப்பனின் சிரிப்பு நின்றுவிட்டது. "செவுரு என்றது. பணம் என்றது. பலன் மட்டும் உங்களுக்கா? என்ற மண்டபத்தைப் பூசி உங்க ஜாதகத்தைச் சரி பண்ணிப்போட்டு, பழியைத் தூக்கி ஒரு பொம்பளைப் புள்ள தலையில வெச்சீங்களா? கல்யாண வீடாப் போச்சு. இல்லாட்டி இலையிலிருந்து எந்திரிக்கச் சொல்லியிருப்பேன்." பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, "சாருக்குப் பாயசம் ஊத்து. நெறையா ஊத்து. பல வீடு கட்டோணுமல்லோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போனார்.

வண்டியில் வரும்போது பூவிழி என் தோளில் கை வைத்திருந்தாள். அவளுக்கு என் மேல் பெருமை என்று நினைத்து நான் நிமிர்ந்து ஓட்டினேன்.

"பத்து நாள் முன்னாடி இதைச் சொல்லியிருக்கலாமல்லங்க" என்றாள்.

ஜூன் 30, செவ்வாய்

காலையில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். பிறகு சரவணம்பட்டியில் கோகிலவாணி வீட்டைத் தேடிப் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்று இருந்தது. நன்றி எதிர்பார்த்துப் போகவில்லை. சரி, கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

வாசலில் டெம்போ நின்றது. மெத்தை, மிக்சி, பீரோ எல்லாம் ஏறியிருந்தன. மகள் முன் சீட்டில் ஒரு தொட்டிச்செடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி என்னைப் பார்த்ததும், "வாங்க சார், உள்ள வாங்க. ஸ்டவ்வை மட்டும் இன்னும் கட்டலை, காபி வெக்கறேன்" என்றாள். நெற்றியில் அதே மூன்று மாடி.

நடந்ததையெல்லாம் சொன்னேன். பாயசம் வரைக்கும். அவள் சிரிக்கவில்லை.

"சென்னியப்பன் அய்யா நேத்தே போன் பண்ணிட்டாருங்க. மில்லுக்குள்ள குவார்ட்டர்ஸ் கட்டறாங்களாம், அதுக்கு வரச் சொன்னாரு. நான்தான் மாட்டேனுட்டேன். புள்ளைக்கு டி.சி. வாங்கியாச்சு, தாராபுரத்துல சேத்தியாச்சு. மறுக்கா எந்த மூஞ்சியோட அந்த ஹெட்மாஸ்டர் முன்னால போய் நிக்கறது? ஒரே வருசத்துல மூணு பள்ளிக்கூடம்னா அவ எப்படிப் படிப்பா?"

"நீங்க அன்னைக்கே எனக்கு முழுசாச் சொல்லியிருக்கலாம்" என்றேன். எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

"சொல்லத்தானுங்க கூப்புட்டேன். நீங்க எல்லாரும் கேக்கற மாதிரிப் போட்டு ராகு காலம்னு சிரிச்சீங்க. சரி, பெரிய சார் சொல்லிட்டாரான்னு கேட்டேன். சொன்னாருன்னீங்க. எலுமிச்சம்பழம் வெச்சதுக்கும் சிரிச்சீங்க. அதை வெக்கச் சொன்னதே அவருதானுங்க. அவருக்கு வெக்கறதுக்குக் கூச்சம், எனக்கில்லை, அவ்வளவுதான்."

காபி கொடுத்தாள். சர்க்கரையைக் கட்டிவிட்டாளாம், வெல்லம் போட்டிருந்தாள்.

"நீங்க சிரிச்சதைப் பத்தியெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லைங்க. கும்புடாதவங்க சிரிக்கத்தான் செய்வாங்க. அந்தக் கூட்டத்துல நாற்காலியில உக்காந்துட்டு நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? மத்தவங்க பேச மாட்டாங்க, இவரு பேசுவாருன்னு நெனச்சேன். மேஸ்திரி உங்ககிட்டச் சொல்லிட்டதும் எனக்குத் தெரியும்."

வெளியே டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். அவள் என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கி, கழுவாமல் ஒரு பழைய பேப்பரில் சுற்றி, கடைசிச் சாக்குக்குள் வைத்தாள். அதன் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"சாமிக்கே பயப்படாதவருங்க நீங்க. அன்னைக்கு யாருக்குப் பயந்தீங்க?"

சாக்கை நான் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றினேன். அவள் மகள் என்னைப் பார்த்து டாட்டா காட்டினாள். வீட்டுக்கு வந்து இவ்வளவும் எழுதியாயிற்று. அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் எழுத வரவில்லை.